பெருக்கல் குறி

ஆசாரிப்பள்ளம் பெரியாஸ்பத்திரி.
பதினோராம் கட்டில்.
ஞானாபரணம், அறுபத்திரண்டு, அருமனை.
அடைப்பு எடுத்தது வலது காலில்,
விடியுமுன் முந்நூறு ரப்பர் மரம் சுற்றி வந்த கால்.
பீடி நிறுத்தியது எப்போ என்று கேட்டதற்கு
"இன்னு காலத்த" என்றார்.
அடைப்பைப் பற்றி டாக்டர் படம் வரைந்து விளக்கியபோது
"பாலு சிரட்டைக்கு வராம பட்டையிலேயே உறையும், அதுதானே"
என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

முதல் ஒரு மணி நேரம் கால்மணிக்கு ஒரு தடவை.
பிறகு அரைமணி. பிறகு மணிக்கு மணி.
சூடு உண்டா, நிறம் எப்படி,
விரலை அசைக்கச் சொல்லி,
நகத்தை அமுக்கி விட்டு
வெளுப்பு போய்ச் சிவப்பு வரும்வரை எண்ணி,
தொடை மடக்கில் வீக்கம் பார்த்து,
கடைசியில் நாடி.
"காலை மடக்கப்பிடாது" ஒவ்வொரு தடவையும்.

பாதத்து மேட்டில் நாடி தேடுவது
இருட்டில் விழுந்த கம்மல் திருகாணி தேடுவது மாதிரி.
ஆள்காட்டி விரல், நடுவிரல்.
பெருவிரல் மட்டும் வைக்கக் கூடாது;
அதற்குள் நம் நாடியே அடிக்கும்,
நோயாளியுடையது என்று குறித்துவைத்துவிடுவோம்.
கிடைத்த இடத்தில் நீல மார்க்கரால்
ஒரு பெருக்கல் குறி,
அடுத்த டியூட்டி ஷைனி அலைய வேண்டாம்.

விரலுக்குச் சிக்காதபோது கருவி.
ஜெல்லி தடவி வைத்தால்
ஆரல்வாய்மொழிக் காற்றாடிக்குக் கீழே நிற்கிற சத்தம்,
ஹூஸ்... ஹூஸ்...
அவர் மனைவி ரெத்தினபாய்
சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்தாள்.
"இவருக்க உள்ள இவ்வளவு காத்தா?"

ராத்திரி மூணு பத்து.
குறி இல்லை.
பாதம் பளபளவென்று சோப்பு மணத்தில் இருந்தது.
"மை அப்பிக் கிடந்தது மோளே,
நாந்தான் தொடச்சேன்."

விரல் வைத்தேன். இல்லை.
தள்ளி வைத்தேன். இல்லை.
கருவியில் வெறும் இரைச்சல்,
மாசி மாதத்துக் காற்றாடி.
கால் குளிர்ந்திருந்தது,
ஆனால் ஃபேனும் நேர் மேலேதான்.
ரெண்டு பத்துக்கு இருந்தது,
என் கையெழுத்துதான் சார்ட்டில்.
ஒரு கையில் போன், டாக்டர் நம்பர் பாதிவரை.
அவர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.
ஒரு விரற்கடை உள்ளே நகர்த்தி
ஜெல்லியை இன்னும் பிதுக்கி
மூச்சை நிறுத்திக்கொண்டு

ஹூஸ்.

என் முகத்தில் என்ன தெரிந்ததோ,
ரெத்தினபாய் துண்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.
ஏச வாய் வந்தது.
மார்க்கர் மூடியைப் பல்லால் கடித்திருந்தேன்,
அதனால் ஏசவில்லை.

நாலாம் வாரம் ஓ.பி.யில்
சாரத்தைத் தூக்கிக் காலை நீட்டினார்.
குறி புதுசாக இருந்தது.
"குளிச்சு முடிச்சதும் நான் போட்டு விடுவேன்" என்றாள்,
பேரனுக்க ஸ்கெட்ச் பேனாவாம்.
சுண்டுவிரல் பக்கம் சரிந்திருந்தது.
அங்கே நாடி ஓடவே ஓடாது.

"தெவசமும் தொட்டுப் பாப்பேன், நல்லா அடிக்கும்.
இன்னா பாரும்."
பெருவிரலை அழுத்தி வைத்து
கண்ணை மூடிக்கொண்டாள்.
"டக்கு டக்குன்னு."

எனக்கு முன்னால் இன்னும் நாற்பது சீட்டு.
அந்தப் பெருவிரலை எடுத்து மடக்கிவிட்டு
மற்ற இரண்டு விரலையும் இழுத்து
சரியான இடத்தில் வைத்து
மேலே என் விரலால் லேசாக அமுக்கினேன்.

வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை.
"இது பையத்தானே அடிக்கு" என்றாள்.

இதுதான் அவருடையது.

விரலை எடுக்காமலே கேட்டாள்:
"அப்பம் இத்தற நாளும் அடிச்சது?"

ஞானாபரணம் சாரத்தை இறக்கி விட்டுக்கொண்டு
"ரெத்தம் உறையாத மாத்திரை
நாலுதான் மிச்சம் இருக்கு" என்றார்.