நிரல்களைப் பொருத்துக

ஹட்டனில் மூன்று மணிக்கே விளக்குப் போட்டாயிற்று, அப்படி மழை.
பேக்கரிக்கு மேல்மாடி எங்கள் அலுவலகம்.
போறணைச் சூட்டில் தரை மட்டும் வெதுவெதுப்பு,
செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கணனியைத் திறப்பேன்.

அறுநூற்றுப் பன்னிரண்டு பேர்.
சேமலாப நிதிக் காசு இன்னும் கைக்கு வராதவர்கள்.
லோகதாசன் ஒன்பது மாதம் தோட்டம் தோட்டமாய் ஏறி இறங்கி
எக்செல்லில் போட்டு வைத்த பட்டியல்.
இன்றைக்குள் எல்லோரையும் மின்னஞ்சலுக்குள் ஏற்ற வேண்டும்.
வெள்ளிக்கிழமை நடமாடும் சேவை;
என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று கடிதம் போக வேண்டும்.

முதல் தடவை எல்லாப் பெயரும் கேள்விக்குறியாய் இறங்கியது.
ஆறு கேள்விக்குறி, ஓர் இடைவெளி, நாலு கேள்விக்குறி.
எண்ணிப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம் போல.
யூனிகோட் என்று ஒரு சின்னக் கட்டம்,
அதைத் தொட்டுச் சேமித்ததும்
சின்னக்கருப்பன் சின்னக்கருப்பனாய்த் திரும்பி வந்தார்.
வயது எழுபத்திரண்டு. முகவரி பேரனுடையது:
ரொக்கிங் பிரின்ஸ், பக்கத்தில் இரண்டு ஏழு.

பிறகு அது கேட்டது,
முதற்பெயர் எந்த நிரல்? குடும்பப்பெயர் எந்த நிரல்?
நான் என்னத்தைச் சொல்ல.
முனியம்மா, தகப்பன் காத்தான்.
காத்தான் குடும்பமல்ல, காத்தான் காத்தான்.
பிறப்புச் சான்றிதழில் முனியாயி,
அடையாள அட்டையில் முனியம்மாள்,
செக்ரோலில் எந்தக் கிளாக்கர் எந்தக் காய்ச்சலில் எழுதினாரோ, மினியம்மா.
கொழுந்து கிள்ளியது ஒரே கை.
காசு மட்டும் நாலாவது ஆளுக்காகக்
கொழும்பில் காத்துக் கிடக்கிறது.
குடும்பப்பெயருக்கு நேரே
‘இறக்குமதி செய்யாதே’ என்பதைத் தெரிந்தேன்.

எக்செல் தொலைபேசி இலக்கங்களின் முன்பூச்சியத்தைத் தின்றிருந்தது.
முன்னால் நின்றால் அதற்கு மதிப்பில்லையாம்.
அது இல்லாமல் மஸ்கெலியாவில் ஒரு மணியும் அடிக்காது.
அறுநூற்றுப் பன்னிரண்டு பூச்சியம்.
தேநீர் ஆறி ஆடை படிந்தது.

அதற்குப் பிறகுதான் அந்த மஞ்சள் பெட்டி:
நாற்பத்தொரு தொடர்புகளுக்கு ஒரே முகவரி.
ஒன்றாக இணைக்கவா?

அது நோர்வூட்டில் ரெஜினோல்ட் அண்ணனின் கொமியூனிகேசன் கடை.
மின்னஞ்சல் இல்லாதவர்கள் அவருடையதைக் கொடுத்திருக்கிறார்கள்,
அவசரத்துக்குப் பக்கத்து வீட்டுக் குடையை எடுப்பதுபோல.
விரல் ‘ஆம்’ மேல்தான் நின்றது. வேலை முடிந்துவிடும்.
ஒரே ரேகையில் ஒரே பெயராய் இவர்களை
முன்பும் யாரோ இப்படித்தான் சுருக்கியிருக்கிறார்கள்.
இல்லை என்றேன்.
நாற்பத்தொரு தடவை கேட்டது. நாற்பத்தொரு தடவையும் இல்லை.

ஐந்தரைக்கு அவர் எடுத்தார்.
“தங்கச்சி, ஒரே கடுதாசி நாப்பத்தொண்ணு வந்திருக்கே.
ஒண்ணை அடிச்சுச் செவுத்துல ஒட்டிரவா?”
“ஒரே கடுதாசி இல்லண்ணே. மேல பேரைப் பாருங்க.”
கொஞ்ச நேரம் மழை மட்டும் கேட்டது, அவர் பக்கத்து மழை.
“தாளுக்குக் காசு?”
“எழுதி வைங்கண்ணே.”
“எழுதித்தான் வச்சிருக்கேன், போன வருசத்துலருந்து.”
ஆனாலும் பிரிண்டர் இழுக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் வைத்தார்.

திரையில் கடைசி வரி:
அறுநூற்றுப் பதினொன்று இறங்கின. ஒன்று இறங்கவில்லை.
நிரை முந்நூற்றெட்டு.
லோகதாசன் பெயர்க் கட்டத்திலேயே காற்புள்ளி போட்டு
எல்லாவற்றையும் எழுதியிருக்கிறான்:
பூரணம், ரெண்டாவது லயம், சிவப்புக் கதவு.
காற்புள்ளிக்குக் காற்புள்ளி கட்டம் தாண்டி
பூரணம் பெயரில் நின்றாள்,
லயம் தொலைபேசிக்குப் போயிற்று,
கதவு மின்னஞ்சலில் போய் நின்றது.
‘சிவப்புக் கதவு செல்லுபடியாகும் முகவரி அல்ல.’

லாச்சியைத் திறந்து ஒரு கடித உறை எடுத்தேன்.
தோட்டத்தின் பெயர், டிவிசன், பிறகு அதையே எழுதினேன்,
சிவப்புக் கதவு, கொஞ்சம் பெரிய எழுத்தில்.
முத்திரை இப்போது எவ்வளவு என்று தெரியவில்லை.
கீழே பேக்கரியில் கேட்டேன். அங்கும் யாருக்கும் தெரியவில்லை.