ஒற்றைக் கதவு

ஆற்காட்டிலிருந்து தெற்கே பதினோரு கிலோமீட்டர்.
அடங்கலில் குறத்திப்பாறை என்றிருக்கிறது.
கைரேகை பார்த்த குறத்தி ஒருத்தி
இங்கே கூடை முடைந்தாளாம்;
டீக்கடையில் சொன்னார்கள்.
பாறையில் வெட்டியிருப்பது இடையின ரகரம்.
குரத்தி.
பள்ளியில் பாடம் சொன்ன சமணப் பெண்துறவி.
யாரோ ஒரு கர்ணம்
வல்லினம் போட்டு எழுதிய அன்று
ஒரு பள்ளி முழுதும் அந்த எழுத்துக்குள் போய்விட்டது.

மிச்சம் என்ன என்று கேட்டால்
ஐந்து கல்படுக்கை, தலைமாட்டில் ஒரு விரல் உயரம்.
மழைநீர் உள்ளே வராமல்
பாறை நெற்றியில் வெட்டிய காடி.
பதினேழு சதுரக் குழிகள்.
முனிரத்தினம் டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு
ஒவ்வொரு குழியாக உட்கார்ந்து எழுந்தார்.
குவாரியில் துளைபோடும் வேலை அவருக்கு.
"இது வெடிக்கப் போட்ட ஓட்டை இல்லைம்மா,
கம்பம் நட்டது.
உளி நிதானமா இறங்கியிருக்கு."

அறைக்கு வந்து ஒன்றுக்கு ஐம்பதில் வரைந்தேன்.
பதினேழு கம்பமும் நிமிர்ந்தன.
கூரை ஓடா, கீற்றா?
ஓட்டுச்சில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை;
கீற்றானால் மக்கி மண்ணாகியிருக்கும்.
கீற்றே வேய்ந்தேன், பென்சிலை அழுத்தாமல்.
வழக்கம்போல் தென்கிழக்கு மூலையில் சமையற்கட்டு.
புகைபோகும் சந்தை வரைந்து முடித்தபோதுதான் உறைத்தது:
அவர்கள் சமைப்பதில்லை.
ஊருக்குள் இறங்கி, நின்றபடி,
உள்ளங்கையில் வாங்கி உண்டு
பொழுது சாய்வதற்குள் ஏறிவிடுவார்கள்.
அழித்தேன்.
தாளில் அந்த மூலை மட்டும் இன்னும் கொஞ்சம் கறுப்பு.

செங்கல்லெல்லாம் சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தது,
அப்துல் வதூதின் தோல்ஷாப்பில்.
சுண்ணாம்புத் தொட்டிக்குப் பின்சுவரில்
முழங்கால் உயரம்வரை அகலமான பழைய கல்,
மேலே இந்தக் காலத்துச் சூளைக்கல்.
எண்பது வருஷத்துக்கு முன் வண்டிவண்டியாய் அள்ளியது
என்று மறைக்காமல் சொன்னார், உட்கார நாற்காலி போட்டார்.

பாறை எழுத்தின் இரண்டாம் வரியில்
நந்தாவிளக்குக்கு விட்ட ஆடுகள்:
சாவா மூவாப் பேராடு தொண்ணூறு.
சாகாது, மூப்படையாது, கணக்கில் குறையாது.
அந்தச் சுவரின்மேல் தோல்கள்
நீர் சொட்டிக்கொண்டிருந்தன.
எண்ணத் தொடங்கினேன்.
நாற்பதோடு விட்டுவிட்டேன்.

நிலைப்படிக் கல்லும் அங்கேதான்,
லாரி ஏறி இறங்க வசதியாக.
குடுமிக்குழிகள் இரண்டு. இரட்டைக் கதவு.
இடக்குழியின் விளிம்பு தேய்ந்து
முட்டை ஓட்டின் உட்புறம்போல் வழவழப்பு.
வலக்குழியில் உளித்தடம்
நேற்று வெட்டியதுபோல் சொரசொரப்பு.

ஒரு கதவைத்தான் திறந்திருக்கிறார்கள்,
இருந்த காலமெல்லாம்.
மயிற்பீலியை மார்போடு அணைத்து
ஒருத்தி பின் ஒருத்தியாக, சற்றே ஒருக்களித்து.
ஏனென்று தெரியவில்லை.
காற்றுக்கா, பயத்துக்கா,
மறுகதவின் பின்னே எதுவும் கூடு கட்டியிருந்ததா.

படத்தைக் கொடுத்தபோது
அலுவலகத்தில் தேவநேசன் கேட்டார்:
வலக்கதவு ஏன் சாத்தியிருக்கிறது,
சமச்சீராய் இல்லையே?
ரப்பர் என் பையில்தான் இருந்தது.
எடுக்கவில்லை.