நான்காம் தட்டு

வில்னியஸில் நேரிஸ் ஆறு உறைந்த வாரம்.
மைனஸ் இருபது பெட்டிக்குள் தலையை விட்டு
ஸ்காய்ஸ்தே நொதிகளுக்கு இடம் பிரிக்கிறாள்.

முன்னும் பின்னும் ஒன்றாய்ப் படிக்கும்
விகடகவிச் சொல் கண்டால்
அங்கேயே டி.என்.ஏ.வை நறுக்குபவை மேல்தட்டில்.
இங்கே வாசித்து
ஒன்பது எழுத்து தள்ளி வெட்டும் கள்ளர்கள் அடுத்ததில்.
மெத்தில் பொட்டிட்ட எழுத்தைத்தான் தொடுவேன் என்கிற
பிடிவாதங்கள் அதற்கும் கீழே.

ஒன்றுக்கொன்று முகச்சாடை கிடையாது.
கத்தி பிடிக்கும் மடிப்பைப் பார்த்தால்தான்
பங்காளிகள் என்று தெரியும்,
சிலதில் அதுவும் இல்லை.

சதுப்புநிலப் பாக்டீரியாவின் குப்பி மிச்சம்.
ஜெல்லில் அதன் கோடுகள்
ஒவ்வொரு முறையும் வேறு.

"எதில் வைக்க?" என்றான் கின்டவ்தஸ்.

நான்காம் தட்டில்
யாரோ ஒளித்திருந்த புளூபெரிப் பையை
அவன் கையில் திணித்தாள்.
குப்பியில் தேதி மட்டும் எழுதினாள்.