நாலு கதவு, ஒரு கடிதம்

பதிவுத் தபால்காரன் நாலு கதவிலும் கையெழுத்து வாங்கினான்.
நாலு உறைக்குள்ளும் ஒரே கடிதம்,
பெயர் மட்டும் வேறு.
றாகலின் பெயரில் ஓர் எழுத்துக் குறைவு.
"அப்ப இது எனக்கில்ல" என்று சிரித்துப்போட்டு
மறுபடி பலகையைச் சீவத் தொடங்கினார்.
அன்றைக்கு அவர் சீவிய பலகை
தேவைக்கு மேலே மெலிந்து போனது.

கோட்டைமுனையில், வாவிப் பக்கம்,
ஓர் ஓட்டுக்குக் கீழே நாங்கள் நாலு குடித்தனம்.
கிணறு ஒன்று. மின்மானி ஒன்று.
பில்லைப் பிரிக்கிற நாளில் மட்டும் சண்டை.

இரவு, றிஸ்மியா இடியப்ப உரலை ஒதுக்கிவிட்டு
மேசையைத் துடைத்தாள்.
கடிதத்தில் ஜூன் பன்னிரண்டு.
உறையின் முத்திரையில் ஜூலை இரண்டு.
கைக்கு வந்தது மூன்று.
முப்பத்தொன்றுக்குள் விட்டுப்போக வேணுமாம்.
விரல் மடக்கி எண்ணினோம்,
போயாவையும் ஞாயிறுகளையும் சேர்த்து.
இருபத்தெட்டு.
மறுபடி எண்ணினோம்.
வாடகைக்கு அவர் ரசீது தருவதில்லை.
வேலாப்போடி மட்டும் ஒவ்வொரு மாதமும்
நாட்காட்டித் தாளைக் கிழித்து நீட்டி
"பெற்றேன்" என்று எழுதி வாங்கியிருக்கிறார்.
நெல் ஆலையில் தராசுக்குப் பக்கத்தில்
முப்பது வருடம் நின்ற மனுசன்.

அவர்தான் அதையும் கேட்டார்:
"வீடு இப்ப அவருடையதா முதல்ல?
மகளுக்குச் சீதனமாக் குடுத்தாச்செல்லோ?"

ஓம். போன ஆவணியில் பந்தலில் நின்று
சபை கேட்கச் சொன்னார்,
முன்வீடும் பின்வளவும் வதனிக்கு என்று.
அந்தப் பந்தியில் ரசம் ஊற்றினது நான்.
றாகல் மணவறைக்குக் கால் நட்டார்.
இஞ்ச வீடு பெண்ணோடதான் போகும்.
பெண்ணின் வீட்டுக்கு
அப்பன் எப்படிக் கடிதம் எழுதுவான்?
முதல்முறையாக எல்லோரும் தேத்தண்ணி குடித்தோம்.

ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்த கண்ணோடு
காணிப் பதிவகத்துக்குப் போனேன்.
விண்ணப்பம், கட்டணம், வரிசை.
எழுதுவினைஞர் ஒரு புத்தகத்தை இறக்கினார்,
தொட்டில் அளவு புத்தகம்.
எச்சில் தொட்டுப் புரட்டினார்.
கடைசிப் பெயர் அவருடையதுதான்.
அதற்குக் கீழே வெறும் கோடுகள்.

"சீதன உறுதி?"
"அப்படி ஒண்டும் பதியல்ல, தங்கச்சி."
பார்க்கப் போனது
அவர் எங்களை எழுப்பலாமா என்று.
பார்த்து வந்தது
அவருடைய மகளின் வெறும் கையை.

சட்ட உதவி அலுவலகத்தில் இருந்த பெண்
திகதிகளுக்குக் கீழே பென்சிலால் கோடிட்டாள்.
முழு மாதம் இல்லை. இந்தக் கடிதம் செல்லாது.
"அது செல்லாது என்றால் நாமும் செல்லமாட்டோம்"
என்றார் றாகல்.
ஒருவரும் சிரிக்கவில்லை.
ஏனென்றால் அவள் இன்னும் முடிக்கவில்லை:
சரியான கடிதம் எழுத அவருக்கு
ஒரு பேனை போதும்.
அதுவரைக்கும் வாடகையை நீட்டுங்கள்,
வாங்காவிட்டால் மாநகர சபையில் கட்டுங்கள்,
ஒரு துண்டையும் எறியாதீர்கள்.

திரும்பி வரும்போது
வேலிக்கரையில் வதனி நின்றாள், ஆறு மாத வயிற்றோடு.
நிலத்தில் ஒரு முருங்கைக் கம்பு ஊன்றியிருந்தாள்.
"மனசில வெச்சிக்காதீங்க அக்கா.
புள்ளைக்குப் பின்பக்கம் வேணும்.
அப்பாக்கிட்ட நான்தான் கேட்டன்.
என்ட வீடுதானே,
நான் கேக்காம வேற ஆரு கேக்கிற?"

பதிவகத்துப் பிரதி என் பையில்
சோற்றுப் பெட்டிக்கு அடியில் கிடந்தது.
காட்டினால் கடிதம் இன்றைக்கே நின்றுவிடும்.
மற்ற மூன்று கதவும்
நான் என்ன கொண்டு வருகிறேன் என்று
திறந்தபடி இருந்தன.

"குனியாதே" என்றேன்.
கிணற்றில் ஒரு வாளி அள்ளி
அந்தக் கம்பின் அடியில் ஊற்றினேன்.
அதற்குப் பிறகும்
பையைத் திறக்கவில்லை.