இரண்டு பேரும் ஒரே பக்கம்

பனி இளகிய கிழமை.
லிண்ட்சேக்கு வடக்கே எங்கள் பதினொரு ஏக்கர் களி.
குட்டைச் சரிவில் ட்ரக்டர்
பின்சில்லால் தனக்கே குழி பறிக்கிறது.
முன்சில்லு இரண்டும்
கலியாணவீட்டுக்கு வந்த தூரத்துச் சொந்தம் மாதிரி
கைகட்டி நிற்கின்றன.

“நாலு சில்லும் போட்டிருக்கு” என்கிறான் தயாபரன்.
போட்டுத்தான் இருக்கிறது, நெம்புகோல் முன்னால் கிடக்கிறது.
பிடித்திருக்கிறதா என்பது வேறு கதை.

பல்லுக்குப் பல் நேர்வராவிட்டால் கொளுவாது,
ஒருக்கா உருட்டிப்போட்டுப் பார் என்றேன்.
பார்த்தான்.
வெண்ணெய்க்குள் கரண்டி போல
நெம்புகோல் போய் வந்தது.
அந்த இலகு எனக்குப் பிடிக்கவில்லை.
கொளுவும்போது கைக்குத் தெரியவேணும்:
ஒரு சின்ன முரண்டு, பிறகு ஒரு ‘டக்’.

பக்கத்துக் காணி வெர்னன் சங்கிலி போட்டு இழுத்துவிட்டார்.
ஒன்றும் கேட்கவில்லை. குழியை மட்டும்
நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

கொட்டிலில், எஞ்சினை நிறுத்தி,
சாவியை என் கோட்டுப் பையில் போட்டு,
பின்சில்லுக்குக் கட்டை கொடுத்து, பிரேக்கைப் பூட்டி,
முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி முட்டுக் கொடுத்தோம்.
இடது சில்லு எனக்கு, வலது அவனுக்கு.
நெம்புகோல் நாலில்.

கொளுவியிருந்தால்
நான் முன்னே தள்ள அவனுடையது பின்னே வரும்.
இரண்டு பேரும் முன்னே தள்ளினால் அசையவே கூடாது.
தள்ளினோம்.
சுழன்றது. இரண்டும் ஒரே பக்கம்,
வழுக்கிக்கொண்டு, சத்தமில்லாமல்.
பன்னிரண்டு வருஷத்தில்
நானும் அவனும் இவ்வளவு ஒத்துப்போனதில்லை.
“அப்ப, உடைஞ்சிருக்கு” என்றேன்.

அட்டையை விரித்துக் கீழே போனேன்.
சேறு, கிறீஸ், போன வருஷத்துப் புல்லு.
அவன் மேலிருந்து நெம்புகோலை ஆட்ட
வெளியே கை ஆடுகிறது.
அது பிடித்திருக்கவேண்டிய தண்டு
அசைவில்லை.
இரண்டையும் கோர்த்த சுருள் ஆணி
பாதியில் வெட்டுப்பட்டுக் கிடந்தது,
பொடிச்சியின் பால்பல்லு அளவு.

டோர்ச் வெளிச்சம் என் முகத்தைவிட்டு நகர்ந்தது.
“ஜனவரியில்,” என்றான்,
“தார் ரோட்டில் வைச்சு நாலைக் கழற்றப் பார்த்தன்.
வரேல்லை. சப்பாத்தால் உதைஞ்சன்.”
எத்தனை தரம்?
“ரெண்டு… நாலு.”

தாரில் சில்லு வழுக்காது,
முறுக்கு உள்ளேயே ஏறி நிற்கும்,
ரெண்டு அடி பின்னால் எடுத்தால் தானாய் விடும்.
இதைச் சொல்ல வாயெடுத்தேன்.
முதுகுக்குக் கீழே சிமெந்து குளிர்ந்தது.
சுத்தியலைத் தா என்றேன்.

ஆணி ஒரு டொலர் எண்பது சதம்.
நாற்பத்தைந்து நிமிஷம் போக, நாற்பத்தைந்து வர.
அடித்து இறுக்கி, திரும்பவும்
அவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.
“தள்ளு.”
தள்ளினோம், பல்லைக் கடித்துக்கொண்டு.
ஒரு அங்குலம்கூடப் போகவில்லை.

அவன் சிரிக்கத் தொடங்கினான்.
நான் இன்னும் விடவில்லை,
சும்மா, கொஞ்ச நேரம்.