முழங்கை ஆழம்

கையை இறக்கிப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள்.
முழங்கை நனையும்போது உள்ளங்கை
மங்கலாய்த் தெரிந்தால் தண்ணீர் சரி.
ஐப்பசியில் எனக்கு
மணிக்கட்டுக்குக் கீழே கையே இல்லை.
பச்சை. வெறும் பச்சை.
அதைச் செழிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

இருபது சென்ட், ஐந்தடி ஆழம்,
குள்ளஞ்சாவடிக்குத் தெற்கே
முந்திரிக்கும் நெல்லுக்கும் நடுவில்
மானியத்தில் வெட்டிய செம்மண் குட்டை.
அறுநூறு போதும்மா என்றார் குஞ்சு விற்றவரே.
ரேஷன் கடையில் நாளெல்லாம்
அடுத்தவர் பைக்கு அரிசி நிறுக்கிறவள் நான்.
எனக்கென்று அளக்கும்போது கை தாராளமாகிவிட்டது.
ஆயிரத்து இருநூறு.
கட்லா, ரோகு, மிர்கால்.
காற்றடைத்த இரண்டு பாலிதீன் பைகளை
பேருந்தின் கடைசி சீட்டில் மடியில் வைத்து வந்தேன்.
அரைமணி நேரம் குட்டையில் மிதக்கவிட்டு
வாயை அவிழ்த்ததும்
திரும்பிக்கூடப் பார்க்காமல் போயின.

தவிடும் கடலைப் புண்ணாக்கும்
ஓட்டை போட்ட யூரியா சாக்கில் கட்டி
மூங்கில் கழியில் தொங்கவிட்டேன்.
மீன்கள் முட்டமுட்ட சாக்கு ஆடும்,
யாரோ கதவைத் தட்டுவது போல.
இன்னும் ஒரு படி. இன்னும் ஒரு கூடைச் சாணம்.
நீர்க்காகத்துக்குக் குறுக்கே கயிறு கட்டினேன்,
பாம்புக்குக் கரையோரம் வலை.
எனக்கு எதையும் கட்டவில்லை.

கார்த்திகையில் மூன்று நாள் மூட்டம்.
வெயில் படாத பச்சை
பகலில் மூச்சை விடாது,
இரவில் வாங்க மட்டும் செய்யும்.
இதெல்லாம் பிறகு தெரிந்தது.
நாலாம் நாள் விடிகாலை நாலு மணிக்கு
மழைச் சத்தம் கேட்டு எழுந்தேன்.
மழை இல்லை.
டார்ச் அடித்தால்
குட்டை முழுக்க வாய்கள்.
வட்டவட்டமாய், கட்லாக்கள் முன்னால்,
தண்ணீரின் தோலைக் கடித்துக் காற்றைத் தின்றுகொண்டு.
ஆயிரம் வாய். ஒரு குரல் கிடையாது.

கரண்ட் இல்லை.
டீசல் எஞ்சின் இருப்பது அஞ்சாப்புலி வீட்டில்.
வரப்பை ஒரு முழம் தள்ளிவிட்டேன் என்று
என்மேல் அவர் வழக்குப் போட்டு ஒன்றரை வருஷம்.
குட்டையில் மொண்டு குட்டையிலேயே ஊற்றினேன்,
உயரத்தூக்கி, உயரத்தூக்கி,
இருபது குடம்.
அப்புறம் அந்த வரப்பைத் தாண்டினேன்.

என்ன என்று அவர் கேட்கவில்லை.
என் முழங்கை வரை ஒட்டியிருந்த பாசியைப் பார்த்தார்.
தள்ளுவண்டியில் எஞ்சினை ஏற்றி
மகனும் அவருமாய்த் தள்ளி வந்தார்கள்,
கோர்ட்டில் இருக்கிற மண்ணில் சக்கரம் பதிய.

குட்டைத் தண்ணீரையே உறிஞ்சி
குட்டை மேலேயே விசிறியடித்தது.
தண்ணீர் உடைய உடைய
வாய்கள் ஒவ்வொன்றாய் மூடிக்கொண்டன.
கரையில் குந்திப் பீடி பற்றவைத்தவர்
"கிலோ என்ன வெலைக்குப் போவுது?" என்றார்.
நூற்றுநாற்பது.
"ம்."
ஒன்றரை வருஷத்தில் நாங்கள் பேசியது அவ்வளவுதான்.

விடிந்ததும் எண்ணினேன். எண்பத்தேழு.
வயிறு மேலாக, முக்கால்வாசி கட்லா.
கண்ணாலேயே எடை சொல்கிறவளுக்கு
அன்று எடை வரவில்லை.
தென்னைக்கடியில் சுண்ணாம்பு தூவிப் புதைத்தேன்.

மூன்றாம் நாள் மகன் கையில் சீட்டு வந்தது.
டீசல் மூணு லிட்டர். எஞ்சின் வாடகை அரை நாள்.
சில்லறை சரியாகக் கொடுத்தனுப்பினேன்.
வழக்கு ஜனவரி பதினெட்டுக்கு வாய்தா.

மிச்சத்தில் பாதியை வலைபோட்டு விற்றுவிட்டேன்.
சாணம் நிறுத்தியாயிற்று.
தீனி, கடையில் போல, தராசில்.
மூட்டம் போட்டால் அதுவும் இல்லை.

இன்று கையை இறக்கினேன்.
மணிக்கட்டு தாண்டி, வளையல் தாண்டி,
இன்னும் கொஞ்சம்.
உள்ளங்கை அங்கே கலங்கலாய் இருக்கிறது.
விரல்நுனியை ஏதோ ஒன்று
முட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது,
சாக்கு என்று நினைத்து.