பாக்கி எட்டு

கடலூர் ஓ.டி. துறைமுகம், விடிந்தும் விடியாத ஐந்தேகால்.
டீசல் கழித்து, ஐஸ் கழித்து, ஏலத் தரகும் கழித்து
நோட்டில் நான் அடிக்கோடிட்ட தொகை
3,60,360.

முதலில் வேடிக்கையாகத்தான் பட்டது:
ஒரே எண்ணை இருமுறை சொன்னதுபோல்,
காது மந்தமானவருக்குச் சொன்னதுபோல்.

பதிமூணு பேர் போனோம், பதிமூணாப் போடு
என்றார் அஞ்சாப்புலி.
போட்டேன். 27,720. மீதியில்லை.
வலைக்கு ஒரு பங்கு வேணாமா என்றார்
கோதண்டம், வலை அவருடையது.
பதினான்கு. 25,740. மீதியில்லை.
எஞ்சினை மறந்துட்டீங்களே என்று இன்னொரு குரல்.
பதினைந்து. 24,024.
அதுவும் இருமுறை சொல்கிறது!

பெரியார் கல்லூரியில் கணக்கு படித்தவள் நான்,
இரண்டு அரியர் இன்னும் நிற்கிறது,
ஆனாலும் விரல் அரித்தது.
கால்குலேட்டரை ஐஸ் பெட்டிமேல் கவிழ்த்துவிட்டு
டீசல் பில்லின் முதுகில் உடைத்துப் பார்த்தேன்.
முந்நூற்று அறுபது பெருக்கல் ஆயிரத்தொன்று.

மொய்க் கவரில் அந்த ஒன்றை ஒட்டுவதே
உறவு இரண்டாய்ப் பிளக்காதிருக்கத்தான்.
இரண்டாய்ப் பிளக்காது, சரி.
ஏழாய்ப் பிளக்கும். பதினொன்றாய். பதின்மூன்றாய்.
ஒரு கல்யாணத்திலும் யாரும் அதைச் சொன்னதில்லை.

ஒன்றிலிருந்து பதினைந்து வரை
எது வந்து கை நீட்டினாலும்
முழுசாய்க் கொடுத்தனுப்பும் எண்களில்
இதைவிடச் சிறியது கிடையாது.
சண்டை ஓயாததும் அதனால்தான்.
எல்லார் நியாயத்துக்கும் தலையாட்டும் எண்
யாருக்கும் சாட்சி சொல்லாது.

அப்போது
இறால் பொறுக்கிக்கொண்டிருந்த பூமயில்
தலை நிமிராமல் கேட்டாள்:
எங்க வீட்டுக்காரர் பங்கு?

போன நடையில் வின்ச்சில் விரல் போய்
ஜிப்மரில் படுத்திருக்கிறார் இளம்பரிதி.

பதினாறு.
எழுதினேன். பேனா ஒரு புள்ளியில் இடறியது.
22,522.50.
இத்தனை பெரிய எண்ணுக்குள்
மூன்றே மூன்று இரண்டுகள்தான்.
பதினாறுக்கு நான்கு வேண்டும்.
ஒரே ஒரு இரண்டு குறைவு.

அம்பது பைசா யாருகிட்ட இருக்கு என்றார் கோதண்டம்.
யாரோ சிரித்தார்கள். பிறகு யாரும் பேசவில்லை.
தலைக்கு 22,522 போட்டால்
பாக்கி எட்டு ரூபாய், ஒரு டீக்கும் காணாது.

அப்படியே போடு என்றார் அஞ்சாப்புலி.
கோதண்டமும் தடுக்கவில்லை.
மீதியே இல்லாத மூன்று கணக்குக்குப் பணியாதவர்கள்
மீதி விழுந்த ஒன்றுக்கு ஏன் பணிந்தார்கள்?
எனக்கு நிரூபிக்கத் தெரியவில்லை.

எட்டு நாணயங்களையும் யாரும் எடுக்கவில்லை.
எடைத்தட்டின் ஈரத்தில் அப்படியே கிடந்தன,
அடுத்த படகின் கிழங்கான் கூடை
மேலே வந்து கவிழும்வரை.